கதிர்வீச்சும் அதன் அளவைகளும்

நெல் வாங்கப் போன நம் முன்னோர், ‘பத்து மரக்கால்’ என்று சொல்லக் கேட்டவுடன் பணத்தை எடுத்துக் கொடுத்துவிடவில்லை; எந்த ஊர் மரக்கால் என்று முதலில் விசாரித்தார்கள். மெட்ரிக் அளவைகள் நம் நாட்டில் நிலைபெறுவதற்கு முன்பு மரக்காலும் படியும் ஊருக்கு ஊர் வேறுபட்டன. ஆதலால் ஓர் ஊர் அளவை மற்றோர் ஊர் அளவாக மாற்றும் கணக்கு, குடியானவர்க்கும் வணிகர்க்கும் மனப்பாடமாக இருந்தது. கணக்குத் தவறினால் சில படி நெல் நட்டமாகும், வாய்ச்சண்டையும் மூளும். கதிர்வீச்சை அளக்கும் துறையிலும் இவ்வாறே பல அளவைகள் ஒருங்கே வழங்கிவருகின்றன. அங்கே கணக்குத் தவறினால் மனிதர் உடலுக்கே தீங்கு விளையக்கூடும். ஆகவே அந்த அளவைகள் யாவை, ஒன்றை மற்றொன்றாக மாற்றுவது எப்படி என்பதைப் பற்றி இன்று மாணவ நண்பர்களுக்குச் சில செய்திகளைக் கூற விரும்புகிறேன். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தவர் எவரும் இதனைப் பின்பற்றலாம்.

1895-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டில் பிரெஞ்சு நாட்டுப் பெக்கரெல், யுரேனியம் தானாகவே கதிர்களை வெளியிடுவதைக் கண்டார். 1898-இல் கியூரி தம்பதியர் ரேடியத்தைக் கண்டறிந்தனர். இக்கதிர்களைக் கொண்டு நோய் தீர்க்கலாம் என்பது விரைவிலேயே தெரியவந்தது. இவை புண்ணையும் நோயையும் விளைவிக்கும் என்பதும் உடன் தெரியவந்தது. மருந்தாகவும் நஞ்சாகவும் அமையும் பொருளுக்கு அளவு வேண்டும் அன்றோ? தொடக்கக் காலத்து மருத்துவர்கள், தோல் சிவக்கும் அளவையே ஓர் அளவுகோலாகக் கொண்டிருந்தனர். ஒருவர் தோல் விரைவில் சிவக்கும். மற்றொருவர் தோல் தாமதித்துச் சிவக்கும். இத்தகைய கோலை வைத்துக்கொண்டு நெடுங்காலம் தொழில் நடத்த இயலவில்லை.

1928-இல் ஸ்டாக்ஹோம் நகரில் கூடிய மாநாட்டில் ‘ராண்ட்ஜன்’ என்ற அலகு ஏற்றுக்கொள்ளப்பட்டது. எக்ஸ் கதிரும் காமா கதிரும் காற்றினூடே செல்லும்போது, காற்றிலுள்ள அணுக்களினின்று எலெக்ட்ரான்களைப் பிரித்து, மின்னூட்டம் பெற்ற அயனிகளை உண்டாக்குகின்றன. அவ்வாறு உண்டாகும் மின்னூட்டத்தை அளப்பதே ராண்ட்ஜன். இது அளப்பதற்கு எளியது. ஆனால் இதில் ஒரு குறை உண்டு. கதிர் காற்றில் என்ன செய்தது என்பதைத்தான் இது கூறும். உடலில் எவ்வளவு ஆற்றலை விட்டுச் சென்றது என்பதைக் கூறாது. ஒரு வீட்டின் மேல் எவ்வளவு மழை பொழிந்தது என்பது வேறு. அதன் சுவர் எவ்வளவு நீரை உறிஞ்சியது என்பது வேறு. சுவரின் கதியை அறிய விரும்புவோர் இரண்டாவதைத்தானே கேட்பார்கள்?

அந்த இரண்டாவது வினாவுக்கு விடையாக வந்ததே ‘உட்கவர் அளவு’ என்பது. ஒரு பொருளின் குறிப்பிட்ட எடை, கதிர்வீச்சினின்று எவ்வளவு ஆற்றலை உட்கவர்ந்தது என்பதே அதன் பொருள். 1953-இல் இதற்கென ‘ராட்’ என்னும் அலகு வகுக்கப்பட்டது. ஒரு கிராம் பொருள் 100 எர்க் ஆற்றலை உட்கவர்ந்தால் அது ஒரு ராட். பின்னர், உலகம் முழுவதற்கும் பொதுவான அலகு முறை ஏற்பட்டபோது, 1975-இல் ‘கிரே’ என்ற அலகு ஏற்கப்பட்டது. ஒரு கிலோகிராம் பொருள் ஒரு ஜூல் ஆற்றலை உட்கவர்ந்தால் அது ஒரு கிரே. கதிர்வீச்சு உயிர்களில் விளைவிக்கும் மாறுதல்களை ஆராய்ந்த ஆங்கில அறிஞர் லூயி ஹெரால்டு கிரே என்பவரின் நினைவாக இப்பெயர் இடப்பட்டது.

இவ்விரண்டிற்கும் உள்ள உறவு மிக எளியது. ஒரு கிரே என்பது 100 ராட். ரூபாய்க்கும் காசுக்கும் உள்ள உறவே இது: கிரே ரூபாய், ராட் காசு. கிரேயை ராட் ஆக்க நூறால் பெருக்குக. ராட்டைக் கிரே ஆக்க நூறால் வகுக்க.

உட்கவரப்படும் ஆற்றல் எவ்வளவு சிறியது என்பதையும் இங்கே எண்ணிப் பார்ப்பது நன்று. உடல் முழுவதும் சிறிது நேரத்திற்குள் ஏறத்தாழ 4 கிரே காமா கதிர்வீச்சைப் பெற்று, உரிய மருத்துவமும் கிடைக்காத மனிதர்களில், ஏறக்குறையப் பாதிப் பேர் சில வாரங்களில் இறந்துபடுவர் என்று மருத்துவ நூல்கள் மதிப்பிடுகின்றன. அறுபது கிலோகிராம் எடையுள்ள ஒருவர் உடலில் 4 கிரே என்பது 240 ஜூல் ஆற்றலாகும். இரண்டு கிராம் சுடுநீரை அருந்தினால் உடலுக்குக் கிடைக்கும் வெப்பம் ஏறக்குறைய இவ்வளவே. இதனால் உடலின் வெப்பநிலை ஒரு பாகையில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் உயரும். அவ்வளவு சிறிய ஆற்றல் எப்படிக் கொல்கிறது? சுடுநீரின் வெப்பம் உடலெங்கும் பரவி ஆறிப்போகிறது. கதிர்வீச்சின் ஆற்றலோ அணு அளவான இடங்களில் குவிந்து விழுகிறது. உயிரணுக்களின் உட்கருவிலுள்ள நுண்ணிய இழைகளைத் துண்டிக்கிறது. இந்தத் தாக்குதலை நம் தோல் உணராது, கண் காணாது, மூக்கு முகராது. கருவி காட்டும் எண்ணைத் தவிர நமக்கு வேறு எச்சரிக்கை இல்லை. அந்த எண்ணைப் படிக்கும் முறையை நாம் கற்றுக்கொள்ள வேண்டுவதன் காரணம் இதுவே.

இனி, அளவு வேறு, வீதம் வேறு என்பதை மனத்தில் இருத்த வேண்டும். தொட்டியில் நிரம்பிய நீர் அளவு. குழாயிலிருந்து நிமிடத்துக்கு எவ்வளவு நீர் விழுகிறது என்பது வீதம். அவ்வாறே ‘2 கிரே’ என்பது அளவு. ‘மணிக்கு 2 கிரே’ என்பது வீதம். வீதத்தைக் காலத்தால் பெருக்கினால் அளவு கிடைக்கும். ஓரிடத்தில் வைத்த கருவி பெரும்பாலும் வீதத்தையே காட்டுகிறது. அங்கே நிற்பவர் பெறும் அளவு, அவர் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது. இயற்பியல் மாணவர்களுக்கு மற்றொரு குறிப்பும் சொல்லலாம். ஆற்றலைக் காலத்தால் வகுத்தால் கிடைப்பது வாட் அன்றோ? ஆதலால் நொடிக்கு ஒரு கிரே என்பது, கிலோகிராமுக்கு ஒரு வாட் என்பதேயாகும்.

வீதத்தை மாற்றும் கணக்கில் மூன்று படிகள் உள்ளன. முதலாவது, அலகின் பெயரை மாற்றுதல். அதாவது ராட்டைக் கிரே ஆக்குதல். இரண்டாவது, முன்னொட்டை மாற்றுதல். மில்லி என்றால் ஆயிரத்தில் ஒன்று. மைக்ரோ என்றால் பத்து லட்சத்தில் ஒன்று. மூன்றாவது, காலத்தை மாற்றுதல். மணிக்கு 3600 நொடி. ஆண்டுக்கு 8760 மணி. இம்மூன்றையும் ஒரே மூச்சில் செய்ய முயல்பவர்களே பெரும்பாலும் தவறுகிறார்கள். ஒவ்வொன்றாகச் செய்தல் நன்று.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். பழைய கருவி ஒன்று ‘மணிக்கு 25 மில்லிராட்’ என்று காட்டுகிறது. இதனை மணிக்கு எத்தனை மைக்ரோகிரே என்று கூற வேண்டும். 25 மில்லிராட் என்பது 0.025 ராட். நூறால் வகுத்தால் 0.00025 கிரே. அதனைப் பத்து லட்சத்தால் பெருக்கினால் 250 மைக்ரோகிரே. ஆகவே விடை, மணிக்கு 250 மைக்ரோகிரே. இதிலிருந்து ஒரு குறுக்குவழியும் கிடைக்கிறது: ஒரு மில்லிராட் என்பது பத்து மைக்ரோகிரே. இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் பழைய கருவிகளையும் புதிய கருவிகளையும் எளிதில் ஒப்பிடலாம். இதே வீதம் ஓர் ஆண்டு முழுவதும் நீடித்தால் எவ்வளவு ஆகும்? 250-ஐ 8760-ஆல் பெருக்கினால் 21,90,000 மைக்ரோகிரே, அதாவது 2.19 கிரே. மணிக்கணக்கில் சிறிதாகத் தோன்றிய எண், ஆண்டுக்கணக்கில் பெரிதாகிவிடுகிறது.

கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும், கேரளத்துக் கருநாகப்பள்ளிக் கடற்கரையிலும் மோனசைட் என்ற கனிமம் கலந்த மணல் இருக்கிறது. அதில் தோரியம் உள்ளமையால் அங்கெல்லாம் இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களைவிட மிகுதி. இத்தகைய ஓரிடத்தில் கருவி மணிக்கு 1 மைக்ரோகிரே என்று காட்டுவதாகக் கொள்வோம். ஆண்டுக்கு அது 8760 மைக்ரோகிரே, அதாவது 8.76 மில்லிகிரே ஆகும். பழைய அலகில் கூறினால் 876 மில்லிராட்.

இந்த இடத்தில் மாணவர்களை மயக்கும் ஒரு தற்செயல் ஒற்றுமையைக் குறிப்பிட வேண்டும். ஒரு ராண்ட்ஜன் கதிர்வீச்சு படும்போது, காற்று உட்கவரும் அளவு ஏறத்தாழ 0.876 ராட், அதாவது 8.76 மில்லிகிரே. ஆண்டிலுள்ள மணிகளோ 8760. இரண்டிலும் ஒரே இலக்கங்கள் வருகின்றன. ஆனால் இவ்விரண்டிற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஒன்று காற்றின் இயல்பினால் வந்த எண். மற்றொன்று பூமி சூரியனைச் சுற்றும் காலத்தால் வந்த எண். மணிக்கு ராண்ட்ஜன் கணக்கில் உள்ள வீதத்தை ஆண்டுக்குக் கிரே கணக்கில் மாற்றும்போது இரண்டாலும் பெருக்க வேண்டும். ‘8.76-ஆல் முன்பே பெருக்கிவிட்டோமே’ என்று ஒன்றை விட்டுவிடுதல் கூடாது. உடலின் மென்மையான திசுக்களில் ஒரு ராண்ட்ஜன் ஏறத்தாழ 0.96 ராட் அளவைத் தருகிறது. ஆதலின் அவசரக் கணக்கில் ஒரு ராண்ட்ஜனை ஒரு ராட் என்று கொள்வது வழக்கம்.

இந்த அவசரக் கணக்கு எத்துணை இன்றியமையாதது என்பதை உலகுக்கு உணர்த்திய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1986-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் நள்ளிரவு கடந்து, அப்போது சோவியத் ஒன்றியத்தில் அடங்கியிருந்த உக்ரைனில், செர்னோபில் அணுமின் நிலையத்தின் நான்காவது உலை வெடித்தது. அங்கே பணியாற்றியவர்களின் கைக்கு எட்டிய கருவிகளில் பெரும்பாலானவை நொடிக்கு 1000 மைக்ரோராண்ட்ஜன் வரையில்தான் காட்டவல்லவை. அவற்றின் முள், கடைசிக் கோட்டில் போய் நின்றது. இதனை மணிக்கணக்கில் மாற்றிப் பாருங்கள். 1000 மைக்ரோராண்ட்ஜன் என்பது 0.001 ராண்ட்ஜன். 3600-ஆல் பெருக்கினால் மணிக்கு 3.6 ராண்ட்ஜன். கணக்கில் பிழை இல்லை. ஆனால் அந்த எண் கருவியின் எல்லையைக் காட்டியதே அல்லாமல் கதிர்வீச்சின் வீதத்தைக் காட்டவில்லை. ஒரு படி கொள்ளும் பாத்திரம் நிரம்பி வழியும்போது, ‘ஒரு படி நீர்தான் வந்தது’ என்று சொல்லலாமா? உலை சிதைந்துபோகவில்லை என்றே அங்கிருந்த சிலர் நெடுநேரம் நம்பினர்.

உலைக் கட்டடத்தின் மிகக் கொடிய பகுதிகளில் வீதம் நொடிக்கு 5.6 ராண்ட்ஜன் அளவில் இருந்திருக்கும் என்று பின்னர் மதிப்பிட்டனர். மணிக்கு அது 20,160 ராண்ட்ஜன். இப்பொழுது இரண்டு எண்களையும் உட்கவர் வீதமாக்கி ஒப்பிடுவோம். ஒரு ராண்ட்ஜனை ஒரு ராட் என்று கொண்டால், 3.6 ராண்ட்ஜன் என்பது மணிக்கு 0.036 கிரே. இந்த வீதத்தில் 4 கிரே சேர்வதற்கு ஏறத்தாழ 111 மணி நேரம், அதாவது நான்கரை நாளுக்கும் மேலாகும். மணிக்கு 20,160 ராண்ட்ஜன் என்பதோ மணிக்கு ஏறத்தாழ 200 கிரே. இந்த வீதத்தில் அதே 4 கிரே சேர்வதற்கு எழுபது நொடிகளே போதும். நான்கரை நாள் எங்கே? எழுபது நொடி எங்கே? கருவியின் எல்லையை உண்மை அளவு என்று நம்பிய ஒருவர், ‘சில நிமிடம் உள்ளே போய்ப் பார்த்துவரலாம்’ என்று முடிவு செய்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே உணரலாம். அந்த இரவில் அங்கே பணியாற்றிய நிலைய ஊழியர்கள், தீயணைப்பு வீரர்கள் ஆகியோரில் 134 பேருக்குக் கடுமையான கதிர்வீச்சு நோய் கண்டது. அவர்களுள் 28 பேர் சில மாதங்களுக்குள் உயிர் துறந்தனர்.

உட்கவர் அளவுக்கு அடுத்தபடியாக மற்றொரு வேறுபாட்டையும் அறிதல் வேண்டும். எல்லாக் கதிர்களும் ஒரே அளவு ஆற்றலால் ஒரே அளவு தீங்கு செய்வதில்லை. ஆல்பா துகள் மிகக் குறுகிய தொலைவிலேயே தன் ஆற்றல் முழுவதையும் கொட்டிவிடுகிறது. ஆகையால் அது உடலுக்குள் புகுந்துவிட்டால் பெருந்தீங்கு விளைக்கும். இதற்காக ஒவ்வொரு கதிருக்கும் ஒரு பெருக்கெண் வகுத்திருக்கிறார்கள். எக்ஸ், காமா, பீட்டா கதிர்களுக்கு அது 1. ஆல்பா துகளுக்கு 20. கிரேயை இந்த எண்ணால் பெருக்கினால் கிடைப்பது ‘சீவர்ட்’. சுவீடன் நாட்டு அறிஞர் ரால்ப் சீவர்ட் என்பவரின் பெயர் கொண்ட இந்த அலகு 1979-இல் ஏற்கப்பட்டது. இதற்கு முற்பட்ட அலகு ‘ரெம்’. ஒரு சீவர்ட் 100 ரெம்.

ஆகவே மணிக்கு 5 மைக்ரோகிரே என்பதை மணிக்கு 5 மைக்ரோசீவர்ட் என்று கூறலாமா எனில், காமா கதிராயின் கூறலாம். ஆல்பா துகளாயின் 100 மைக்ரோசீவர்ட் என்று கூற வேண்டும். கதிர் எதுவென்று தெரியாதபோது கிரேயைச் சீவர்ட் ஆக்குதல் இயலாது. ராட்டைக் கிரே ஆக்குவது காசை ரூபாயாக்குவது போன்றது; கிரேயைச் சீவர்ட் ஆக்குவதோ, கொண்டுவந்த பொருளுக்கு விலை மதிப்பது போன்றது. பொருள் எதுவென்று தெரியாமல் விலை கூற முடியுமா?

கதிர்வீச்சுச் சூழலில் தொழில் புரிவோர்க்கு, ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் என்ற வரம்பைப் பன்னாட்டுக் குழு பரிந்துரைத்துள்ளது. தொழிலாளி ஒருவர் ஆண்டுக்கு 2000 மணி நேரம் பணியாற்றுகிறார் என்று கொண்டால், மணிக்கு 10 மைக்ரோசீவர்ட் என்று வருகிறது. பழைய அலகில் இது மணிக்கு ஒரு மில்லிரெம். இங்கே 8760-ஆல் வகுக்காமல் 2000-ஆல் வகுத்ததைக் கவனியுங்கள். ஒருவர் உண்மையில் கதிர்வீச்சுக்கு ஆட்படும் நேரத்தையே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதனை விளக்கும் மற்றொரு நிகழ்ச்சி ஜப்பானில் உண்டு. 2011-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் நாள் ஏற்பட்ட நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் புகுஷிமா அணுமின் நிலையத்தைச் சிதைத்தன. அதன்பின் எந்தெந்த ஊர்களில் மண்ணைத் தூய்மை செய்ய வேண்டும் என்று முடிவு செய்வதற்கு, அந்நாட்டு அரசு மணிக்கு 0.23 மைக்ரோசீவர்ட் என்ற எல்லையைக் கொண்டது. ஆண்டுக்குக் கூடுதலாக ஒரு மில்லிசீவர்ட் என்பதே இதன் அடிப்படை. ஆனால் 0.23-ஐ 8760-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 2 மில்லிசீவர்ட் வருகிறதே என்று ஐயுறலாம். கணக்கு இதுதான்: ஒருவர் நாளொன்றுக்கு 8 மணி நேரம் வெளியிலும் 16 மணி நேரம் வீட்டிலும் இருப்பார் என்றும், வீட்டுக்குள் வீதம் 0.4 பங்காகக் குறையும் என்றும் கொண்டார்கள். 16-ஐ 0.4-ஆல் பெருக்க 6.4, அதனோடு 8 கூட்ட 14.4 மணி. மணிக்கு 0.19 மைக்ரோசீவர்ட் என்று கொண்டு, 14.4-ஆலும் 365-ஆலும் பெருக்கினால் 1000 மைக்ரோசீவர்ட் அளவு, அதாவது ஒரு மில்லிசீவர்ட் வருகிறது. நிலத்திலிருந்து இயற்கையாக வரும் 0.04-ஐச் சேர்த்தால் 0.23. தன் வீட்டு முற்றத்தில் கருவியை வைத்துப் பார்க்கும் தாய்க்கு இந்தக் கணக்கு தெரிந்திருந்தால், தேவையற்ற அச்சமும் இல்லை. தேவையான எச்சரிக்கையும் குறைவதில்லை.

மருத்துவத் துறையிலும் இக்கணக்கு அன்றாடம் பயன்படுகிறது. புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை செய்யும்போது ஒரு வேளைக்கு 2 கிரே அளிப்பது பரவலான வழக்கம். கோபால்ட் கருவியொன்று நிமிடத்துக்கு ஒரு கிரே தருமாயின் இரண்டு நிமிடம் போதும். ஆனால் கோபால்ட் 60-இன் வலிமை ஏறத்தாழ 5.27 ஆண்டுகளில் பாதியாகிவிடும்; மாதத்துக்கு நூற்றில் ஒரு பங்கு குறையும். ஆதலால் வீதத்தை அவ்வப்போது திருத்திக்கொண்டே வர வேண்டும். இல்லையேல் நோயாளிக்கு உரிய அளவு சேராது. ராட் போய்க் கிரே வந்தபோது, பழகிய எண்கள் மாறாதிருக்க மருத்துவர்கள் ‘சென்டிகிரே’ என்ற அலகைக் கையாண்டனர். 200 ராட் என்பது 200 சென்டிகிரே; 2 கிரே. அலகை எழுதாமல் எண்ணை மட்டும் எழுதினால் 200 எது, 2 எது என்ற குழப்பம் வரும். நூறு மடங்குப் பிழையைத் தாங்கும் உடல் எதுவுமில்லை.

மாணவ நண்பர்களே, கதிர்வீச்சைப் பற்றிய எண் ஒன்றை எங்கேனும் கண்டால் நான்கு வினாக்களைக் கேளுங்கள். அலகு என்ன? முன்னொட்டு மில்லியா, மைக்ரோவா? எவ்வளவு காலத்துக்கு? கருவி அந்த எண்ணை அளந்து காட்டியதா, அல்லது தன் எல்லையில் நின்றுவிட்டதா? இந்நான்கிற்கும் விடை கிடைத்த பின்னரே கணக்கைத் தொடங்குங்கள். கணக்கு முடிந்ததும், வந்த விடையை வந்த வழியிலேயே திருப்பிச் செலுத்தி, தொடங்கிய எண் கிடைக்கிறதா என்று பாருங்கள். அதற்குத் தேவைப்படுவது ஒரு நிமிடமே. எங்கேனும் ஓர் ஆய்வுக்கூடத்திலோ மருத்துவமனையிலோ நீங்கள் பணியாற்றும் நாளில், அந்த ஒரு நிமிடம் ஒருவருடைய உயிரைக் காக்கக்கூடும்.